போயிட்டு வரேன்

ஞாயிற்றுக்கிழமை. மாலை ஏழு மணி. தஞ்சோங் பகார்.

சிரிக்காதே சுஷ்மிதா. ஏழு மணிக்கு என்ன பேய் என்றுதானே கேட்கிறாய்? ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு நீ லிட்டில் இந்தியாவில்தான் நின்றிருப்பாய். அங்கே அந்த நேரத்துக்குக் கால் வைக்க இடம் இருக்காது. அதே நேரத்தில் தஞ்சோங் பகாருக்குப் போய்ப் பார். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற ஆபீஸ் கட்டடங்கள்... ஒன்றிலும் ஆள் இருக்காது. காப்பிக் கடைகூடப் பூட்டியிருக்கும். சிக்னலில் பச்சை விழுந்து, டிக் டிக் டிக் என்று யாரையோ கூப்பிடும். கடப்பதற்கு ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

அந்தக் கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு சாலை போகிறது. எந்தக் கட்டடம், எந்தச் சாலை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே போய் செல்ஃபி எடுத்து அனுப்புகிற ஆட்கள் நீங்கள்.

சுந்தரம், அடுப்புக் கரியைக் கொஞ்சம் கிளறி விடு, அணையப் போகிறது. ஆரபிக்கு எடுத்து வைத்த சாத்தே கறிக்குச்சிகளை மூடி வை, எறும்பு வரும். ஆமாம், அவளும் இந்த சாலே விடுதிக்கு வருவதாகத்தான் இருந்தது. கிளினிக்கில் என் பக்கத்து நாற்காலிக்காரி இல்லாமல் நான் எந்த விருந்துக்குப் போயிருக்கிறேன்? ஏன் வரவில்லை என்று பிறகு சொல்கிறேன். மழை எப்படியும் இப்போதைக்கு விடாது. பேய்க் கதை வேண்டும் என்று கேட்டீர்களே, இது அவள் தம்பிக்கு நடந்தது. அவளே எனக்குச் சொன்னது.

தம்பி பெயர் வசீகரன். உங்களில் சிலருக்கு அவனைத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முப்பத்தைந்து வயது இருக்கும். தஞ்சோங் பகாரில் கம்ப்யூட்டர் வேலை. மனைவி தர்ஷனா, இப்போதுதான் நடை பழகுகிற ஒரு பெண் குழந்தை. தோ பாயோவில் வீடு. குடிப்பழக்கம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஒரே பைத்தியம், ஊர் சுற்றுவது. இந்தச் சிங்கப்பூரில் சுற்ற என்ன இருக்கிறது, ரயிலில் ஏறி ஒரு தூக்கம் போட்டால் மறுமுனை வந்துவிடுகிறது என்று நான் கிண்டல் செய்வேன். அவனுக்கு அது பொறுக்காது.

"அக்கா, நீங்க முன்வாசலை மட்டும் பார்க்கிறீங்க. இது கப்பல் வந்து நின்ன ஊர். யார் யாரோ இறங்கியிருக்காங்க. பின்பக்கம் போய்ப் பாருங்க, அவங்க விட்டுட்டுப் போனது இன்னும் அங்கேயே இருக்கு" என்பான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்னக் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு நடப்பான். ஆபீஸ் நண்பர்கள், புதிதாக ஊரிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள், அப்படி. பூக்கடை, நகைக்கடை, பெரிய கோயில் எதையும் காட்ட மாட்டான். அதெல்லாம் டூரிஸ்ட்டுக்கு லா என்று கையை வீசிவிடுவான். லிட்டில் இந்தியாவில் ஒரு பின்சந்துச் சுவருக்கு முன்னால் எல்லாரையும் நிற்க வைத்து, வெள்ளையடித்த சுவரில் தண்ணீர் தெளிப்பான். ஈரம் பட்டதும் உள்ளேயிருந்து பழைய கடையின் பெயர் மங்கலாகத் தெரியும். டோபி காட் ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு நடுவில் நின்று, இங்கே ஓடையில் துணி துவைத்தவர்களைப் பற்றிப் பேசுவான். நானும் ஒரு தடவை போனேன். முட்டி வலியோடு இரண்டு மணி நேரம். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, நன்றாகப் பார்த்துக்கொள்வான். எங்கே படி வந்தாலும் முதலில் தான் இறங்கி, கையை நீட்டிக்கொண்டு, "பார்த்து வாங்க, படி வழுக்கும்" என்பான். காய்ந்த படியாக இருந்தாலும் அதைச் சொல்லாமல் விட மாட்டான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஓர் இடத்தைக் காட்டி முடித்ததும் கை கூப்பி அந்த இடத்தைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வான். கிணற்றுக்கும் சொல்வான், சுவருக்கும் சொல்வான். அவன் அம்மா பூரணம் வளர்த்த வளர்ப்பு அது. அந்த வீட்டில் "போறேன்" என்பது கெட்ட வார்த்தை. பள்ளிக்கூட அவசரத்தில் வாய் தவறி யாராவது சொல்லிவிட்டால், லிஃப்ட் வரை போனவர்களையும் அந்த அம்மா திரும்பக் கூப்பிடுவார். உள்ளே உட்கார வைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுப்பார். பிறகு "போயிட்டு வரேன்" என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவார். நம் வீடுகளில் எல்லாம் இதே கதைதானே... அங்கே கொஞ்சம் அதிகம்.

சரி. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அடுத்த நடைக்குப் புதிதாக ஏதாவது கிடைக்குமா என்று தனியாகப் போயிருக்கிறான். மாலை முழுக்கத் தேடி ஒன்றும் அகப்படவில்லை. மழை பிடித்துக்கொண்டது. ஒரு கார் பார்க்கின் பின்சுவர் ஓரமாக ஒதுங்கினான். அங்கே ஒரு கம்பிக்கதவு, பூட்டில்லாமல். அதற்கு அப்பால் கீழே இறங்குகிற கருங்கல் படிக்கட்டு. பாசி பிடித்த படிகள். கீழே ஓர் ஆலமரம். மரத்தின் வேர் கவ்விப் பிடித்தபடி இடுப்பளவு ஒரு கல்.

கல்லில் உருவம் எதுவும் இல்லை. எழுத்து இருந்திருக்கிறது, தேய்ந்துவிட்டது. அடியில் கையகலம் ஒரு மாடக்குழி, உள்ளே எண்ணெய்க் கரி. விளக்கு வைத்த இடம். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் கும்பிட்ட சாமி, இத்தனை காலம் ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது என்று முடிவு செய்துவிட்டான். பக்கத்தில் திறந்திருந்த ஒரே மினிமார்ட்டுக்கு ஓடி எண்ணெயும் திரியும் தீப்பெட்டியும் வாங்கி வந்தான். மழையிலும் விளக்கு நின்று எரிந்ததாம். போட்டோ எடுத்தான். கை கூப்பினான். அப்புறம் வழக்கம்போல...

"போயிட்டு வரேன்."

திங்கட்கிழமை காலையில் ஆரபி அந்தப் போட்டோவை என்னிடம் காட்டினாள். என் தம்பி கண்டுபிடித்த கோயில் என்று பெருமையாகத்தான் காட்டினாள். நான் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம், எரிக்கிற வழக்கம். எங்கள் பக்கம் புதைக்கிற வழக்கம். அப்பாவைப் பெற்றவருக்கு ஊரில் இதே மாதிரிதான் கல், இதே மாதிரிதான் தலைமாட்டில் விளக்குக்குழி. நான் சின்ன வயதில் அதில் விளக்கு வைத்திருக்கிறேன்.

"இது சாமி இல்ல ஆரபி, சமாதி" என்றேன். "கிளம்பறப்ப அவன் எதுவும் சொல்லலையே?"

அவள் முகம் வெளுத்துப் போனது. உங்களுக்கும் புரிந்திருக்கும். 'போயிட்டு வரேன்' என்பதை எங்கே சொன்னாலும் சொல்லலாம், இழவு வீட்டில் மட்டும் அதைச் சொல்லக்கூடாது. சொல்லாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அந்த வாசலுக்கு மறுபடி வருகிறேன் என்று யாராவது வாக்குக் கொடுப்பார்களா? நான் சமாளித்துவிட்டேன். பழைய கல், யார் கேட்டிருக்கப் போகிறார்கள் என்று சொல்லிச் சிரித்தேன். எனக்கே என் சிரிப்பு பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வசீகரன் வீட்டுக்கு வரவில்லை. இருட்டி வெகுநேரம் கழித்து வந்தான். வேலை என்றான். மறுநாளும் அதே. அதற்கடுத்த நாள் தர்ஷனா சட்டையைத் துவைக்க எடுத்தபோது மூக்கில் ஏதோ ஏறியது. ஈரச் சாக்கு வாடை. மழையில் நனைந்த கோணிப்பையை மூடி வைத்தால் வருமே, அந்தப் புழுங்கல் வாடை... ஏசி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவன் சட்டையில்.

பிறகு ஒரு நாள் அவன் குளித்துவிட்டு வரும்போது பார்த்திருக்கிறாள். கழுத்துக்கும் முதுகுக்கும் நடுவில், வலது தோளில், தோல் கன்றி, தடித்து, காய்ப்புக் காய்ச்சியிருந்தது. குழந்தையைத் தவிர வேறு எதையும் தூக்கி அறியாத தோள். எங்கே போகிறீர்கள் என்று உலுக்கிக் கேட்டதும் அவன் அழுதுவிட்டான்.

"நான் போகலை தர்ஷு. கால் போகுது. போகாம இருக்கப் பார்த்தேன், முடியலை."

அவர்களும் சும்மா இருக்கவில்லை. தோ பாயோ கோயிலில் அர்ச்சனை செய்தார்கள், கையில் கயிறு கட்டினார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, வேலைக் களைப்பு என்று ஓய்வு எழுதிக் கொடுத்தார். ஓய்வு நாளிலும் சாயங்காலம் ஆனால் எழுந்து போனான். வீட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை ஒளித்து வைத்தாள். அன்றைக்கு அவன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையும், அவன் நெஞ்சுக்குள்ளிருந்து வந்த சத்தமும்... குழந்தை பயந்து வீறிட்டதும் அவளே திறந்துவிட்டாள். எந்தப் பெண்ணால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியும்?

கடைசியில் ஆரபி, நான் போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பினாள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

அவன் ஆபீஸ் வாசலில் நின்றாள். இருட்டத் தொடங்குகிற நேரத்தில் அவன் வெளியே வந்தான். கண் திறந்திருக்கிறது, ஆனால் அக்காவைத் தெரியவில்லை. அவளைத் தாண்டி நடந்தான். பின்னாலேயே போனாள். கார் பார்க், கம்பிக்கதவு, படிக்கட்டு. முதல் படியில் நின்று ஷூவைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தான். வெறுங்காலோடு இறங்கினான்.

கீழே போய், கல்லுக்குப் பக்கத்தில் நின்றான். முன்னால் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்து ஓர் அடி முன்னால் வைத்தான். மறுபடி நின்றான். மறுபடி ஓர் அடி. அவன் வரிசையில் நிற்கிறான் என்று ஆரபிக்கு அப்போதுதான் புரிந்தது.

அவன் முறை வந்தது. குனிந்து, முட்டியில் கை ஊன்றி, முதுகைக் கொடுத்தான்.

தொப்.

அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்டது. அவன் முதுகில் ஒன்றும் இல்லை. ஆனால் முட்டி மடங்கியது, தோளில் சட்டை அப்படியே அமுங்கியது. எழுந்து, தள்ளாடி, மரத்தைச் சுற்றிக்கொண்டு சுவர் வரை போனான். இறக்கினான். திரும்பி வந்து வரிசையில் நின்றான். கடலை அங்கிருந்து எந்தக் காலத்திலோ மண் கொட்டித் தள்ளிவிட்டார்கள், ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் படகுப் பலகையில் மோதுகிற சத்தம். அதற்கு நடுவில் மூச்சு... ஹ்ம்... ஹ்ம்... ஹ்ம்... பாரம் தூக்குகிறவர்கள் விடுகிற மூச்சு. தம்பியுடைய மூச்சு ஒன்று. மற்றது எல்லாம் யாருடையது?

வசி, வசி என்று கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. இறங்கிப் போய்க் கையைப் பிடிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே நின்று பார்த்தாள். தம்பி மூட்டை தூக்குவதை, அவன் கால் நடுங்குவதை, பார்த்துக்கொண்டே நின்றாள். அதைச் சொல்லும்போது கவுண்டரில் உட்கார்ந்தபடியே அழுதாள்.

எல்லாம் முடிந்தது போல, அவன் கல்லுக்கு எதிரில் வந்து நின்றான். கை கூப்பினான். அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. இவன் தினமும் இதைச் சொல்லிவிட்டு வருகிறான். தினமும் புதிதாக வாக்குக் கொடுத்துவிட்டு வருகிறான். எப்படி இறங்கினாள் என்று தெரியாது. பாய்ந்து போய்ப் பின்னாலிருந்து அவன் வாயைப் பொத்தினாள். மறு கையால் இழுத்தாள். படிகளில் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஏறினாள். உள்ளங்கைக்குள் அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. விடவில்லை. மேல்படி வரை பொத்திய கையை எடுக்கவில்லை. ஒரு சொல் வெளியே வரவில்லை.

ஷூவை எடுக்கக் குனிந்தபோது கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. மிரட்டல் இல்லை, கோபம் இல்லை. வீட்டு வாசலில் நின்று விருந்தாளியை வழியனுப்புகிற பெரியவர் குரல்.

"சரிப்பா. போயிட்டு வாங்க, ரெண்டு பேரும்."

சுந்தரம், கரியைப் பார்க்காதே. நான் சொல்வதைக் கேள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் வசீகரன் நன்றாக இருந்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். வயிறு நிறையச் சாப்பிட்டான், குழந்தையோடு விளையாடினான். தோளில் காய்ப்பு உரிந்தது. ஆரபி வேலைக்கு அல்வா வாங்கி வந்தாள், நீங்களும்தான் தின்றீர்கள்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் அவன் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான். குழந்தையின் தலையைத் தடவினான். தர்ஷனாவைப் பார்த்தான்.

"போறேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமியார் செய்ததையே அவளும் செய்தாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்தான். இப்போது ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் போங்கள் என்றாள். அவன் வாயைத் திறந்தான். முயற்சி செய்கிறான் என்று தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது, உதடு கோணியது, கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. அந்தச் சொல் வரவில்லை. அந்த வீட்டைப் பார்த்து அவனால் அதைச் சொல்ல முடியவில்லை.

"போறேன் தர்ஷு" என்றான். அவ்வளவுதான் வந்தது.

காலைப் பிடித்து இழுத்திருக்கிறாள். ஒரு பெண்ணின் பலம் எவ்வளவு? லிஃப்ட் மூடிக்கொண்டது. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியில் ஓடி இறங்குவதற்குள் அவனைக் காணவில்லை.

தஞ்சோங் பகார் ஸ்டேஷனை விட்டு வெளியே வருவதும், சிக்னலில் நிற்பதும், பச்சை விழுந்ததும் கடப்பதும் கேமராவில் இருக்கிறது. கட்டடத்துக்குப் பின்னால் திரும்புகிறான். பிறகு இல்லை. முதல் படியில் அவன் ஷூ ஜோடியாக இருந்தது. போலீஸ் நாய் படி வரை வந்து, கீழே இறங்காமல் உட்கார்ந்துவிட்டதாம். தேடாத இடம் இல்லை. மூன்று மாதம் ஆகிறது.

ஆரபி இப்போது தர்ஷனா வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். வேலைக்கு ஒழுங்காகத்தான் வந்தாள். ஆனால் போன வாரம் ஒரு நாள் கைப்பையை வலது தோளில் மாட்டப் போய், முகத்தைச் சுளித்து, இடது தோளுக்கு மாற்றிக்கொண்டாள். நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். பக்கத்தில் குனிந்தபோது அதே ஈரச் சாக்கு வாடை வந்தது. அதையும்... வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? கடைசியில் கையைப் பிடித்துக் கேட்டேன். "ரெண்டு பேருன்னுதானே சொன்னுச்சு மங்களம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இன்றைக்கு நீங்கள் சாத்தே சுட்டுக்கொண்டிருந்தபோது நான் வெளியே போனேனே, ஞாபகம் இருக்கிறதா? அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தர்ஷனாவைக் கூப்பிட்டேன். அக்கா சாலேக்குத்தானே கிளம்பினார் என்றாள். வாசலில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினாள் என்று கேட்டேன். விம்முகிற சத்தம் மட்டும் வந்தது. அப்புறம், "தண்ணி கொடுத்தேன் அக்கா... கொடுத்துப் பார்த்தேன்" என்றாள்.

போலீஸுக்குச் சொன்னேன். போய்ப் பார்த்துவிட்டு, அங்கே யாரும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் நீங்கள் பேய்க் கதை கேட்டீர்கள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதனால்தான் சொன்னேன்.

போனை மேசையில் வைக்கிறேன். கிட்டே வாருங்கள். மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்காது.

"மங்களம்... எனக்குச் சாத்தே வைக்காதே. நான் போறேன்."

இல்லை, மெசேஜ் முடியவில்லை. இன்னும் இருக்கிறது, கேளுங்கள். ஹ்ம்... ஹ்ம்... கேட்கிறதா? மழை இல்லை அது. இப்போது ஒரு குரல் வரும். தூரத்தில், ஆம்பிளைக் குரல். உங்களில் அவனோடு நடந்தவர்களுக்குத் தெரியும்.

"பார்த்து வாங்கக்கா... படி வழுக்கும்."

போதும். அணைத்துவிட்டேன்.

மழையும் விட்டுவிட்டது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது, கிளம்புங்கள். ஒவ்வொருவராகப் போங்கள். வாசலில் நின்று, என் முகத்தைப் பார்த்து, சொல்லிவிட்டுப் போங்கள். எனக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்ல வேண்டும்.

சுஷ்மிதா, நீதான் அந்த நடைகளுக்கு ஒன்று விடாமல் போனவள். முதலில் நீ சொல்லு.

ஏன் நிற்கிறாய்? சொல்லும்மா.